மூச்சடைத்த தொட்டி

"ஒருத்தன கொலகாரன்னு எழுதுறதுக்கு முன்னாடி, அவன்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டா பேனா மையா தீந்துரும்?"

ஷாமிளா இதைப் பொலிஸ் நிலையப் படியில் ஒருமுறை சொன்னாள், த்ரீவீலரில் ஏறும்போது ஒருமுறை சொன்னாள், இப்போது தோட்டத்து வளைவில் வண்டி திணறி ஏறும்போது மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"மை தீராது மிஸ்," என்றான் முன்னால் ஹேண்டிலைப் பிடித்திருந்த நஸீம். "ஆனா கேள்வி கேட்டா பதில் வரும். பதில் வந்தா அதையும் எழுதணும். சனிக்கெழமையில யாருக்கு அந்த வேல?"

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் ஷாமிளாவின் விசாரணை அலுவலகம் இருந்தது. காப்புறுதிக் கம்பனியில் பத்து வருடம் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டி எடுத்தவள், மேலதிகாரி ஒருவருடைய பொய்யையும் தோண்டிவிட்டதால் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். நஸீம் த்ரீவீலரின் சொந்தக்காரன். உதவியாளன் என்ற பதவியை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான். இந்த வாய்க்கு எப்போதோ அரசியல்வாதி ஆகிக் கட்சியும் மாறியிருப்பான் என்று அவன் உம்மாவே சொல்வார்.

வழக்கு இதுதான். ஹேவல்டன் தோட்டத்துப் பழைய பங்களா முற்றத்தில், பயணிகள் தங்கும் கேம்பில், ஒரு கேம்பர் வேன் நிற்கிறது. கட்டில், அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உள்ள வீட்டு வேன். வியாழக்கிழமை மாலை அதில் தங்க வந்த கொழும்புத் தம்பதி, வேன் குழாயில் தண்ணீர் பிடித்துத் தேநீர் போட்டுக் குடித்தார்கள். சற்று நேரத்தில் இருவருக்கும் வாந்தி. கணவர் தப்பிவிட்டார். மனைவி இன்னும் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் கிடக்கிறார். தொட்டித் தண்ணீரில் புல்லு மருந்து, அதாவது மலையில் களையைக் கருக்குவதற்கு அடிக்கிற விஷம், கலந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பிரதீபனைப் பிடித்தார்கள். இருபத்தாறு வயது. கேம்பில் வேன் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொடுத்தவன். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவனை நீதவான் முன் நிறுத்தப்போகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது கொலை வழக்கு. மூன்று மணிக்கு அவன் விளக்கமறியலுக்குள் போனால், லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த பையன் ஒருவனை வெளியே எடுக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்பது ஷாமிளாவுக்குத் தெரியும். அவளும் லயத்தில் பிறந்தவள்தான். அவள் அண்ணன் ஒரு காசோலைத் திருட்டுக்காக ஏழு மாதம் உள்ளே இருந்தான். காசோலை பிறகு மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது.

அப்போது மணி பத்தரை.

* * *

வேன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சார்ஜன்ட் திலகரத்ன உட்கார்ந்திருந்தார். வியாழன் இரவிலிருந்து வேனுக்குப் பொலிஸ் காவல். ஷாமிளா சிங்களத்தில் வணக்கம் சொன்னதும், பிரதீபனின் தாய் வெள்ளையம்மா தன்னை அமர்த்தியிருக்கிறாள் என்று விளக்கியதும், அவர் மறுக்காமல் தலையசைத்தார்.

"தொட்டித் தண்ணீரில் மாதிரி எடுத்தாயிற்று. பார்க்கலாம். எதையும் கழற்றக் கூடாது," என்றார் சிங்களத்தில்.

பங்களா விறாந்தையிலிருந்து கிருஷ்ணராஜ் இறங்கி வந்தான். வேனின் சொந்தக்காரன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. இதே தோட்டத்து மூன்றாம் லயத்தில் பிறந்து, கொழும்புக்குப் போய், பங்களாவைக் குத்தகைக்கு எடுக்கிற அளவுக்கு வளர்ந்து திரும்பியவன். வளர்ந்ததில் ஷாமிளாவுக்குக் கோபமில்லை. ஏறிய பிறகு ஏணியை உதைத்தவன் என்ற கோபம்தான்.

"தங்கச்சி, அந்தப் பையனுக்காக நீங்க அலையறது பாவமா இருக்கு. நான் என் கண்ணால பாத்தேன்," என்றான் அவன்.

"என்ன பாத்தீங்க? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

"பொதன்கெழம அவன் என்கூட சண்ட போட்டான். என் கேம்புக்கு மேல இருந்து பைப் இழுத்ததால லயத்துல எல்லாரும் தண்ணி புடிக்கிற பீலில மூணு நாளா தண்ணி வரலயாம். முப்பது பேருக்கு முன்னால, 'ஒன் தண்ணிய நீயே குடிச்சுட்டு சாவு'ன்னு சொன்னான். அப்பவே வேலைய விட்டு அனுப்பிட்டேன்."

"பீலில தண்ணி வந்துச்சா வரலயா?"

கிருஷ்ணராஜ் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. "அவன அனுப்புனதால வியாழக்கெழம பகல் நானே தொட்டிய நெரப்புனேன். என் கையாலயே. அந்தா தொங்குது பாருங்க வெள்ள ஓஸ், குடிதண்ணிக்குன்னே வாங்குனது. அத இந்தத் தொட்டி வாயில விட்டு முக்கால் தொட்டி நெரப்பி மூடினேன். ரெண்டர மணிக்கு நல்ல மழ. விறாந்தையில நின்னேன். பிரதீபன் வந்தான், மூடியத் தொறந்தான், அஞ்சு லீட்டர் கேன் ஒண்ண அப்படியே கவுத்தான், கேன பொதருக்குள்ள எறிஞ்சுட்டு ஓடிட்டான். அர நிமிஷங்கூட ஆகல."

"தடுக்கலயா?"

"மழ பெய்ஞ்சுச்சு. தண்ணிதான் ஊத்துறான்னு நெனச்சேன்."

"சண்ட புடிச்சுட்டுப் போனவன் மறுநாள் மழையில வந்து ஓசில தண்ணி நெரப்பிக் குடுக்குறான்னு நெனச்சீங்க," என்றான் நஸீம். "நல்ல மனசு மொதலாளி ஒங்களுக்கு."

கிருஷ்ணராஜ் அவனை முறைத்தான். சார்ஜன்டுக்குத் தமிழ் ஓரளவு புரியும். இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேன் புதருக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது, காலியாக இருந்தது, புல்லு மருந்துக் கேன்தான் என்று அவரே சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரனின் வாக்குமூலமும் எழுதி, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

ஷாமிளா பற்களைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

வேனின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் மூன்று துளைகள். நடுவில் தண்ணீர் ஊற்றும் வாய், பெருவிரல் நுழையும் அகலம்தான், திருகு மூடி போட்டது. அதன் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில், மேல்நோக்கி வளைந்த ஒரு குட்டிக் குழாய். கீழே, ஓஸை மரை திருகி மாட்டுவதற்கான ஒரு பித்தளை வாய். கதவின் உட்புறத்தில் ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஷாமிளா அதை முழுவதும் படித்தாள்.

"என்ன மிஸ் எழுதி ஈக்கி?"

"குடிதண்ணிக்குன்னு தனி ஓஸ் வைக்கணும். மெதுவா நெரப்பணும். பக்கத்துலயே நிக்கணும். இந்தக் குட்டிக் குழாய்தான் தொட்டிக்கு மூச்சுக் குழாய். உள்ள தண்ணி போனா, உள்ள இருக்குற காத்து இது வழியா வெளிய வரணும். இதுல தண்ணி வழிஞ்சா தொட்டி நெறஞ்சிருச்சுன்னு அர்த்தம், நிறுத்தணும். எந்தக் காரணம் கொண்டும் இத அடைக்கக் கூடாது."

"இவ்வளவையும் இங்கிலீஷ்லயா எழுதி ஈக்கிறாங்க? எங்கட ஆக்கள் இத ஏதோ கொம்பனி விளம்பரம்னு நெனச்சிருப்பாங்க."

ஷாமிளா அந்தக் குட்டிக் குழாய்க்குள் பார்த்தாள். பிறகு தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து உள்ளே விட்டாள். அரை அங்குலம் போய் ஊசி நின்றது. அழுத்தினால் உள்வாங்கியது, விட்டால் திருப்பித் தள்ளியது. ஓரத்தில் ஒரு நார் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் மெல்ல இழுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சணல் நார். நீலச் சாயம் தோய்ந்தது.

"மிஸ், இங்க கொஞ்சம் வாங்க," என்று வேனுக்குள்ளிருந்து நஸீம் கூப்பிட்டான்.

உள்ளே அவன் கட்டிலில் உட்கார்ந்து இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தான். "இந்தக் கட்டில் நடுவால தூக்கி ஈக்கி. கலியாணம் முடிச்ச ஜோடிக்கு வாடகைக்கு விட்டா ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் உருண்டு போயிருவாங்க."

மெத்தையைப் புரட்டினார்கள். கட்டில் பலகையின் நான்கு திருகாணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. பலகைக்குக் கீழேதான் பிளாஸ்டிக் தொட்டி. பெட்டி வடிவத்தில் இருக்கவேண்டியது, எட்டு மாதக் கர்ப்பிணி வயிறுபோல மேலே புடைத்து நின்றது.

"ஊதிப் போயிருச்சு," என்றான் நஸீம்.

"ஆமா. காத்து வெளிய போக வழியில்ல. தண்ணிய யாரோ பலவந்தமா உள்ள தள்ளியிருக்காங்க."

ஷாமிளாவுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே உள்ளங்கையிலிருந்த நாரை மறுபடி பார்த்தாள். மூச்சுக் குழாயை அடைத்திருந்தது ரப்பர். அதோடு இருந்தது படங்குச் சாக்கு. பால் வெட்டுகிற பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற படங்கு. இந்த ஊரில் ரப்பர் பாலும் படங்கும் எந்த வீட்டில் இருக்கும் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். காலையில் பொலிஸ் நிலைய வாசலில் அவள் கையைப் பிடித்து அழுத வெள்ளையம்மாவின் சேலைக்கு மேல் கட்டியிருந்த படங்கில் நீலக் கோடு போட்டிருந்தது.

"மிஸ், நாங்க யாருக்காக வேல செய்றமோ அவங்கட வீட்டுக்குத்தான் இந்த நூல் போகுது," என்றான் நஸீம் தாழ்ந்த குரலில். அவன் இப்போது சிரிக்கவில்லை.

* * *

லயம் கீழே அரைக் கட்டை, ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் இருந்தது. பீலியைச் சுற்றி காலி வாளிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. மேலே ஒரு வேனுக்குத் தொட்டி நிறைகிறது, கீழே இருபது குடும்பத்துக்கு வாளி நிறையவில்லை. ஷாமிளா அந்த வாளிகளைப் பார்த்தபடியே நடந்தாள்.

வெள்ளையம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையில் ரப்பர் வெட்டுவாள், பின்னேரம் கேம்பில் கூட்டிப் பெருக்குவாள். ஷாமிளா உள்ளங்கையை விரித்து நீல நாரைக் காட்டினாள்.

"அக்கா, இது ஒங்க படங்குதானே?"

வெள்ளையம்மா அதைப் பார்த்தாள். மறைக்கத் தெரியாத முகம். "நாந்தான் அடச்சேன்," என்றாள்.

"எப்ப? ஏன்?"

"பொதன்கெழம மத்தியானம். காலையில சுகாதார பீ.எச்.ஐ. மாத்தயா வந்து டெங்கு பாத்தாரு. தண்ணி நிக்கிற ஓட்டை ஒடசல் ஒண்ணு விடாம மூடணும்னு நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாரு. மொதலாளி என்னைக் கூப்புட்டு, ஒரு கொசுக் குஞ்சு கண்டாலும் நீ வேலைக்கு வரவேணாம்னாரு. நான் பங்களாவச் சுத்தி எல்லா ஓட்டையையும் அடச்சேன். மூங்கில அடச்சேன், கூரத் தண்ணிக் கொழாய அடச்சேன், டயர கவுத்தேன். வேன்ல அந்தக் குட்டிக் கொழாய் வாயப் பொளந்துகிட்டு மேல பாத்து நின்னுச்சு. மழத்தண்ணி நின்னா முட்டை போடுந்தானே. படங்குல கொஞ்சம் கிழிச்சுத் திணிச்சு, வாளி அடில மிஞ்சுன பால அது மேல ஊத்துனேன். பால் ஒறஞ்சா தண்ணி எறங்காது. எங்க வீட்டுக் கூரை ஒழுகலுக்கும் அப்படித்தான் செய்வோம்."

அடைப்பு கையாலோ கம்பாலோ திணித்த பழைய ரப்பர் அல்ல, பாலாகவே ஊற்றி உறைந்தது. ஷாமிளாவுக்குள் ஏதோ சட்டென்று பொருந்தியது. "வியாழக்கெழம பால் வெட்டுனீங்களா?"

"எங்க வெட்டுறது. விடியக்காலைல இருந்து மழ. நேத்தும் மழ. வேல பிரிக்கிற பெரட்டுல பேர் குடுத்துட்டு எல்லாரையும் புல்லு வெட்ட அனுப்பிட்டாங்க. இன்னைக்கும் மரம் ஈரம்."

"இத ஏன் காலையிலேயே எங்கிட்ட சொல்லல?" ஷாமிளாவின் குரல் உயர்ந்துவிட்டது. "ஒங்க மகன் உள்ள கெடக்கான். மூணு மணிக்குக் கோர்ட்டு. நீங்க வாயே தொறக்காம ஒக்காந்திருக்கீங்க."

"யாராச்சும் கேட்டாங்களா?" வெள்ளையம்மாவுக்கும் குரல் உயர்ந்தது. "பொலிஸ் கேட்டுச்சு, தோட்டத்துத் தொரை கேட்டாரு, அடுத்த வீட்டுக்காரி கேட்டா. எல்லாரும் ஒரே கேள்விதான். ஒம் மகன் ஊத்துனானா, ஒம் மகன் ஊத்துனானா. நான் அடச்சதாலதான் தண்ணி கெட்டுப் போச்சோன்னு எனக்கு ரெண்டு நாளா நெஞ்சு அடிச்சுக்குது. சொன்னா ஆத்தாளும் மகனும் சேந்து செஞ்சாங்கன்னு எழுத மாட்டாங்களா?"

எழுதியிருப்பார்கள். அது ஷாமிளாவுக்கும் தெரிந்திருந்தது. அடைக்கச் சொன்ன கட்டளை இவளுக்குத் தமிழில் கிடைத்தது. அடைக்கக் கூடாது என்பதற்கான காரணம் மட்டும் ஆங்கிலத்தில் கதவுக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தது. அவள் மீது கோபப்பட்டதற்காக ஷாமிளாவுக்குத் தன் மீதே கோபம் வந்தது.

"அக்கா, எந்திரிங்க. நீங்க செஞ்ச தப்புதான் ஒங்க மகன வெளிய கொண்டுவரப் போகுது."

"எப்படி புள்ள?"

"நடந்துகிட்டே சொல்றேன். மணி பன்னெண்டாச்சு. நஸீம், நீங்க பங்களாவுக்குப் பின்பக்கமா போங்க. தோட்டத்துப் பங்களான்னா அங்க ஒரு பழைய மருந்து ஸ்டோர் இருக்கும். கதவு தொறந்திருந்தா, வெளிய நின்னு உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. கைய வச்சுராதீங்க."

"கைய வைக்காம பாக்குறது எனக்குப் பழக்கம் மிஸ். கலியாண வீட்டுல பிரியாணிச் சட்டிய அப்படித்தான் பாத்துக்கிட்டு ஈப்பேன்."

* * *

"நீங்க பாத்தத ஒருக்கா செஞ்சு காட்ட முடியுமா?" என்று ஷாமிளா கிருஷ்ணராஜிடம் கேட்டாள். அவள் கையில் ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தல் இருந்தது, கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீர். சார்ஜன்டிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தாள்.

"இது என்ன நாடகம்?"

"பிரதீபன் அர நிமிஷத்துல அஞ்சு லீட்டர ஊத்துனத நீங்க பாத்தீங்க. சார்ஜன்ட் ஐயா பாக்கல. அவரும் பாக்கட்டும்."

திலகரத்ன கடிகாரத்தைப் பார்த்தார். "செய்து காட்டுங்கள். நேரமில்லை," என்றார்.

கிருஷ்ணராஜ் தோளைக் குலுக்கிக்கொண்டு மூடியைத் திருகினான். போத்தலைத் தொட்டி வாயில் வைத்துக் கவிழ்த்தான். முதல் மிடறு உள்ளே போனது. அடுத்த நொடி தொட்டி குமுறியது. போன தண்ணீர், காற்றோடு சேர்ந்து, அவன் முகத்திலேயே திரும்பி அடித்தது. அவன் பிடிவாதமாக மறுபடியும் கவிழ்த்தான். மறுபடியும் அடித்தது. வெள்ளைச் சட்டை நெஞ்சோடு ஒட்டியது, சப்பாத்து நனைந்தது. போத்தலில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. இரண்டு நிமிடம் கடந்திருந்தது.

நஸீம் இருந்திருந்தால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பான். அவன் இல்லாதது கிருஷ்ணராஜுக்கு நல்லதாகப் போயிற்று.

"தொட்டியின் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது ஐயா," என்றாள் ஷாமிளா சிங்களத்தில். "காற்று வெளியே வராமல் தண்ணீர் உள்ளே போகாது. கேனைக் கவிழ்த்துவிட்டு அரை நிமிடத்தில் ஓட யாராலும் முடியாது."

சார்ஜன்ட் எழுந்து வந்து குட்டிக் குழாய்க்குள் பார்த்தார். கிருஷ்ணராஜ் முகத்தைத் துடைத்தபடி பாய்ந்தான். "அப்புறமா அடச்சிருப்பாங்க. இந்தம்மாவே அடச்சிருப்பா. மகனக் காப்பாத்த வேற என்ன செய்வா?"

"நாந்தான் அடச்சேன்," என்றாள் வெள்ளையம்மா. "நீங்க சொல்லித்தான். பொதன்கெழம."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்குறா. பொதன்கெழமன்னு பொய் சொல்றா."

திலகரத்ன அவனைக் கையமர்த்தினார். பேனாக் கத்தியை எடுத்து, அடைப்பை ஓரமாக நெம்பி முழுசாக வெளியே இழுத்தார். தொட்டி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. தொட்டி வாயில் தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று உள்ளே இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த அடைப்பையே உருட்டி உருட்டிப் பார்த்தார். குழாயின் வளைவு அப்படியே அதில் பதிந்திருந்தது. மேல்பக்கம் காய்ந்து மஞ்சளாகியிருந்தது.

"என் அப்பா எங்கள் ஊர் வரக்காப்பொலயில் ரெண்டு ஏக்கர் ரப்பர் வெட்டினார்," என்றார் மெதுவாக. "நான் பத்து வயதில் பால் பிடிக்கும் சிரட்டை கழுவினவன். இது பாலாகவே ஊற்றி உறைந்தது. உறையாத பால் வெட்டின அன்றைக்குத்தான் கிடைக்கும், சாயங்காலத்துக்குள் கட்டிவிடும். இங்கே எப்போது கடைசியாக வெட்டினார்கள்?"

"புதன்கிழமை. வரும் வழியில் பார்த்தேன், பெரட்டுக் களத்துப் பலகையில் எழுதியிருக்கிறது, மழை, வெட்டு இல்லை என்று. வியாழன் இரவிலிருந்து வேனுக்கு உங்கள் ஆட்கள் காவல்," என்றாள் ஷாமிளா.

சார்ஜன்ட் கிருஷ்ணராஜ் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இதுவரை இருந்த சலிப்பு போயிருந்தது. "அப்படியானால் வியாழக்கிழமை ரெண்டரைக்கு இந்த வாய் வழியாக யாரும் எதையும் ஊற்றவில்லை."

"அப்ப மருந்து எப்படி உள்ள போச்சு?" என்று கிருஷ்ணராஜ் கத்தினான். "நீங்களே சொல்லுங்க."

"மருந்து கெடக்கட்டும். தண்ணி எப்படி உள்ள போச்சுன்னு நீங்க சொல்லுங்க," என்றாள் ஷாமிளா. "வியாழக்கெழம பகல் இந்த வாய் வழியா, அந்த வெள்ள ஓஸால நெரப்புனேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என் கையாலயேன்னு சொன்னீங்க. இப்பத்தான் பாத்தோம், ஒரு மிடறு போகல."

கிருஷ்ணராஜ் நெஞ்சோடு ஒட்டிய சட்டையைப் பிரித்து இழுத்துவிட்டான்.

"நான் சொல்றேன். வெள்ள ஓஸ விட்டீங்க, தண்ணி மூஞ்சில அடிச்சுச்சு. அஞ்சு மணிக்கு ஆள் வருது. ஏன் அடிக்குதுன்னு பாக்க ஒங்களுக்குப் பொறும இல்ல. கீழ பித்தள வாய் இருக்கு, ஓஸத் திருகி மாட்டிட்டா தெறிக்காது. வெள்ள ஓஸுக்கு மரை இல்ல, மொட்ட முனை. மரை போட்ட ஓஸ் இந்த இடத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருந்திருக்கணும். அத மாட்டி, முழுசாத் தொறந்து விட்டுட்டு சாப்பிடப் போயிட்டீங்க. மலை உச்சில இருந்து எறங்குற தண்ணி, அந்த அமுக்கத்துல தொட்டியே ஊதிருச்சு. கட்டில் பலக பிய்ஞ்சு நிக்குது, ஐயா போய்ப் பாக்கலாம்."

"எந்த ஓஸ்? கற்பனையா பேசாதீங்க."

"மிஸ்," என்று பங்களா மூலையிலிருந்து நஸீமின் குரல் வந்தது. "கற்பனைய இங்க சுத்தி வச்சீக்கி. சார்ஜன்ட் மாத்தயாவையும் கூட்டிட்டு வாங்க."

மருந்து ஸ்டோர் கதவு பாதி திறந்திருந்தது. நஸீம் நல்ல பிள்ளையாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே மருந்து அடிக்கும் பம்பு, உடைந்த வாளிகள், பழைய கேன்கள். எல்லாவற்றின் மேலும் விரல் பருமனில் தூசி, சிலந்தி வலை. நடுவில் ஒரு மஞ்சள் ஓஸ் மட்டும் பளபளவென்று சுருண்டு கிடந்தது. முனையில் பித்தளை மரை.

"மத்த எல்லாம் ஒரு வருஷமா குளிக்கல. இவர் மட்டும் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுப் படுத்தீக்கிறார்," என்றான் நஸீம்.

சார்ஜன்ட் கைக்குட்டையால் ஓஸைத் தூக்கினார். வெளிப்பக்கம் சவர்க்கார வாசனை. அவர் அதைக் கவிழ்த்ததும் உள்ளேயிருந்து இரண்டு சொட்டு கலங்கல் தண்ணீர் விழுந்தது. அந்த நெடி தோட்டத்தில் வாழ்ந்த யாருக்கும் தெரியும். வேனுக்குக் கொண்டுபோய் பித்தளை வாயில் வைத்துத் திருகினார். மூன்றே சுற்றில் இறுகிப் பொருந்தியது.

பம்பில் மருந்து நிரப்பி மலைக்கு அடித்த ஓஸ் அது. அதன் வழியாகத்தான் இரண்டு பேருடைய தேநீருக்குத் தண்ணீர் போனது.

கிருஷ்ணராஜ் நனைந்த சட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குத் தெரியாதுங்க. பழைய ஓஸ்தானே, மருந்து காஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன். வேணும்னு செய்யலங்க. அம்மா மேல ஆணையா."

"வியாழக்கெழம பகல்ல ஒங்களுக்குத் தெரியாது, அத நான் நம்புறேன்," என்றாள் ஷாமிளா. அவள் குரல் இப்போது உயரவில்லை. அதனால்தான் நஸீம் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். "ராத்திரி அவங்க வாந்தி எடுத்தப்போ தெரிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் ஓஸக் கழுவுனது தெரிஞ்சுதான். கேனப் பொதர்ல போட்டது தெரிஞ்சுதான். யார் பேரச் சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு யோசிச்சு, ஒங்க லயத்துலயே ஒருத்தனத் தேடி எடுத்தது தெரிஞ்சுதான். அந்தம்மா ஆஸ்பத்திரில கெடக்குறது ஒங்க அவசரம். இவங்க மகன் கூண்டுல கெடக்குறது ஒங்க அயோக்கியத்தனம்."

கிருஷ்ணராஜ் வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவும் இவளும் ஒரே பெரட்டில் பேர் கொடுத்தவர்கள் என்று அவள் பிறகு ஷாமிளாவிடம் சொன்னாள்.

சார்ஜன்ட் கைபேசியில் நிலையப் பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டார். நீளமாகப் பேசினார். மணி ஒன்றரை.

* * *

இரண்டேகாலுக்குப் பொலிஸ் நிலையத்தில் கூண்டைத் திறந்தார்கள். பிரதீபன் வெளியே வந்தான். ஒல்லியான, நெடிய பையன். கன்னத்தில் ஒரு வீக்கம். அது எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை, ஷாமிளா அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

எதிர்ப் பக்கத்து வாங்குப் பலகையில் கிருஷ்ணராஜ் இருந்தான், பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். பிரதீபன் அவனைப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்று நஸீம் நினைத்து நடுவில் வந்து நின்றான். பிரதீபன் அடிக்கவில்லை. சார்ஜன்டின் மேசைக்குப் போனான்.

"இங்கே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்," என்றார் திலகரத்ன. "தவறு நடந்துவிட்டது. வெளியே த்ரீவீலர் நிற்கிறது, அம்மாவோடு போ."

பிரதீபன் பேனாவைத் தொடவில்லை. நல்ல சிங்களத்தில் பேசினான்.

"நேற்று என்னைப் பிடிக்க ஜீப் லயத்துக்குள் வந்தது. சோறு தின்றுகொண்டிருந்தேன். கையைக் கூடக் கழுவ விடவில்லை. எல்லாரும் பார்க்க, பிள்ளைகள் பார்க்க, பின்பக்கம் தூக்கிப் போட்டீர்கள். இவன்தான் விஷம் வைத்தவன் என்று நீங்களே சத்தமாகச் சொன்னீர்கள். நான் த்ரீவீலரில் போய் இறங்கினால் காசு கொடுத்து வெளியே வந்தவன் என்றுதான் பேசுவார்கள். நான் செத்தாலும் அதைத்தான் பேசுவார்கள்."

வாசலில் நின்ற ஜீப்பைக் கை நீட்டிக் காட்டினான்.

"அதே ஜீப்பில் என்னைக் கொண்டுபோய் விடுங்கள். முன் சீட்டில். நேற்று எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்களோ அதே சத்தத்தில், நான் செய்யவில்லை என்று லயத்து நடுவில் நின்று சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்."

திலகரத்ன அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷாமிளாவைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரமானாலும் அவள் எழும்பப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். சுவரில் தொங்கிய ஜீப் சாவியைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தார். ஜீப்பின் முன்கதவைத் திறந்து, பிரதீபன் வந்து ஏறும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.